கயிற்றில் தொங்கும் கவசம்: 1600-ஆம் ஆண்டுச் சாமுராய் ஒருவரை டிஜிட்டலில் உருவாக்குதல்

இணையத்தில் விற்பனைக்குக் கிடைக்கும் சாமுராய் மாடல்களில் பலவற்றைப் பார்க்கும்போது முதலில் கண் நிறைந்துவிடும். தகடுகள் பளபளக்கின்றன, முகமூடி உறுமுகிறது, வாளின் உறையில்கூட வேலைப்பாடு தெரிகிறது. ஆனால் தோளை மூடும் தகடு எதில் தொங்குகிறது என்று தேடினால் விடை கிடைக்காது. அது காற்றில் நிற்கிறது. இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டிய தொங்கல்கள் மார்புக் கவசத்தின் விளிம்போடு பசை போட்டு ஒட்டியதுபோல் இருக்கின்றன. அப்படிப்பட்ட மாடலை நிற்கவைத்துப் படம் எடுக்கலாம்; குதிரையில் ஏற்ற முடியாது.

ஜப்பானியக் கவசம் அடிப்படையில் கட்டிச் சேர்க்கப்பட்ட பொருள். இரும்பும் பச்சைத்தோலும் மெருகும் அதில் உண்டு. அவற்றையெல்லாம் ஓர் உடலாக நிறுத்துவது கயிறு. எந்தத் துண்டு, எந்தக் கயிற்றில், எங்கிருந்து தொங்குகிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால் வடிவமும் அசைவும் தாமாகவே சரியான இடத்துக்கு வரத் தொடங்கும். இந்த அத்தியாயத்தில் ஒவ்வொரு துண்டிடமும் இந்த ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறோம்.

முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள்

நூற்றாண்டு போதாது, ஆண்டு வேண்டும். சாமுராய் வரலாற்றின் நீண்ட காலத்தில் கவசம் அடியோடு மாறியிருக்கிறது. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் குதிரை மீதிருந்து அம்பு எய்த வீரர் அணிந்தது ஓ-யோரோய். பெட்டி போன்ற உருவம். உடலின் வலப்பக்கத்தை மூடும் தகடு தனித் துண்டு. மார்பின் மீது வில்நாண் எதிலும் மாட்டாமல் வழுக்கிச் செல்வதற்காக ஒரு தோல்விரிப்பு. தோளில் அகலமான இரு பலகைகள், இடுப்பில் நான்கு தொங்கல்கள். தொடக்க காலத்தில் வில்லேந்தும் இடக்கையில் மட்டுமே கைக்கவசம் அணிந்தார்கள். அந்தக் காலத்து வீரரை நீங்கள் உருவாக்கினால் இரண்டு கைகளுக்கும் ஒரே மெஷ்ஷைத் திருப்பிப் போடும் வழி தொடக்கத்திலேயே அடைபட்டுவிடும்.

பிறகு தரையில் நின்று போரிடுவது பெருகியது. உடலைச் சுற்றி வந்து வலப்பக்கம் கட்டும் டோ-மாரு, முதுகுப்பக்கம் திறக்கும் ஹராமாக்கி ஆகிய இலகுவான கவசங்கள் உயர்ந்த நிலை வீரர்களிடமும் பரவின. 1543-இல் போர்ச்சுக்கீசியர்கள் வழியே தானேகாஷிமா தீவுக்குத் துப்பாக்கி வந்து சேர்ந்தது. பெரும் படைகள், நீண்ட ஈட்டிகள், துப்பாக்கி வரிசைகள் எல்லாம் சேர்ந்த அந்த நூற்றாண்டின் பின்பாதியில் உருவானதே தோசெய் குசோக்கு. உடலோடு ஒட்டிய, பெரிய தகடுகளால் ஆன, விரைவாகச் செய்யக்கூடிய கவசம். பொதுவாக நம் மனக்கண்ணில் வரும் சாமுராய் இந்தக் கவசத்தில்தான் இருக்கிறார்.

2020-இல் வந்த ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ விளையாட்டின் கதை 1274-இல், மங்கோலியப் படையெடுப்பின்போது நடக்கிறது. அதில் வரும் கவசங்களும் வாள்களும் பெரும்பாலும் அதற்குப் பல தலைமுறைகள் பிற்பட்ட தோற்றம் கொண்டவை. மக்கள் மனத்தில் பதிந்திருக்கும் சாமுராய் உருவத்தைத் தர வேண்டும் என்று அதன் படைப்பாளிகள் தெரிந்தே எடுத்த முடிவு அது; அவர்கள் நோக்கத்துக்கு அது பொருந்தியது. உங்கள் நோக்கம் வரலாற்றுத் துல்லியம் என்றால் விளையாட்டு, திரைப்படக் காட்சிகளை உங்கள் சான்றுக் கோப்புறையில் சேர்க்காதீர்கள். ஒளியமைப்புக்கு வேண்டுமானால் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அத்தியாயத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் நாள் 1600 அக்டோபர் 21, செக்கிகஹாரா போர் நடந்த நாள். நம் பாத்திரம் தோகுகாவா இயேயாசுவின் தளபதியான இயி நாவோமாசாவின் படையில் குதிரையேறும் தகுதி பெற்ற, நடுத்தர நிலை வீரர். இந்தத் தேர்வுக்குக் காரணம் உண்டு. 1582-இல் தாக்கேதா குடும்பம் வீழ்ந்தபின் அதன் வீரர்களில் பலரை இயேயாசு நாவோமாசாவிடம் ஒப்படைத்தார். தாக்கேதா படையின் சிவப்புக் கவச வழக்கமும் அவர்களோடு வந்து சேர்ந்தது. தலைவர் முதல் கீழ்நிலை வீரர் வரை சிவப்பு என்பதால் நிறத்தைப் பற்றிய ஊகம் குறைகிறது. பணக்காரப் பிரபுவின் அலங்காரக் கவசத்தைவிட ஒரு நடுத்தர வீரரின் கவசமே கட்டுமானத்தைக் கற்றுக்கொள்ள ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

சான்றுகளை நம்புவதும் சந்தேகிப்பதும்

இயி குடும்பத்தின் சிவப்புக் கவசங்களை ஹிக்கோனே கோட்டை அருங்காட்சியகம் பாதுகாத்து வருகிறது. நம் பாத்திரத்துக்கு அதுவே தாய்வீடு. ஆனால் அந்தக் குடும்பம் எடோ காலம் முழுவதும், அதாவது 1868 வரை, சிவப்புக் கவசம் செய்துகொண்டே இருந்தது. ஒரு கவசத்தின் படத்தைச் சேமிக்கும்போதே அது செய்யப்பட்ட காலத்தையும் கோப்பின் பெயரில் எழுதிவிடுங்கள். 18-ஆம் நூற்றாண்டுக் கவசம் ஒன்று 1600-க்குள் நுழைவது பெரும்பாலும் இந்தச் சோம்பலால்தான்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் பொதுவுடைமைப் படைப்புகளின் படங்களைக் கட்டுப்பாடின்றி வழங்குகிறது. ஜப்பானியக் கவசங்களுக்கும் அங்கே நல்ல தெளிவுள்ள படங்கள் உண்டு. ஜப்பானின் தேசிய அருங்காட்சியகங்கள் சேர்ந்து நடத்தும் ‘கோல்பேஸ்’ தளமும் அப்படியே. அருங்காட்சியகப் பக்கத்தில் இருக்கும் ஜப்பானிய எழுத்துப் பெயரை நகலெடுத்துத் தேடினால், ஆங்கிலப் பெயரில் தேடும்போது காணாத முதுகுப்புறப் படங்களும் உட்புறப் படங்களும் வந்து விழும். உட்புறப் படம் ஒன்று பத்து முன்புறப் படங்களுக்குச் சமம். கயிறு எங்கே நுழைந்து எங்கே வெளிவருகிறது என்பது அங்கேதான் தெரியும்.

காலம் உறுதியாகத் தெரிந்த கவசங்கள் தனி மதிப்புடையவை. இயேயாசுவின் மகனான ஷோகன் ஹிடேடாடா 1613-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கு கேப்டன் ஜான் சாரிஸ் வழியாக அனுப்பிய கவசங்கள் பிரிட்டனின் ராயல் ஆர்மரீஸ் சேகரிப்பில் இருக்கின்றன. அவை பரிசுக்காகச் செய்தவை, களத்துக்காக அல்ல. ஆனாலும் அந்தத் தலைமுறைக் கைவினைஞர் மெருகையும் கயிற்றையும் எப்படிக் கையாண்டார் என்பதற்கு நாள் குறித்த சாட்சி.

எழுத்துச் சான்றுகளில் சாக்காக்கிபாரா கோசான் 1800-இல் எழுதிய கவசத் தயாரிப்பு நூல் முக்கியமானது, ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. கவசத்தை அணியும் முறையைப் படிப்படியாகப் படங்களில் காட்டும் 18-ஆம் நூற்றாண்டு நூல் ‘தான்கி யோர்யாக்கு’. மாடல் செய்பவருக்கு அது பொக்கிஷம். எந்த முடிச்சு முதலில், எந்த முடிச்சு அதன் மேல் என்று அதில் விரலால் தொட்டுப் பார்க்கலாம். நீங்கள் 13-ஆம் நூற்றாண்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் தாக்கேசாக்கி சுவேநாகா வரைவித்த மங்கோலியப் படையெடுப்புச் சுருளோவியத்திலிருந்து தொடங்குங்கள்.

மூன்று பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். எடோ காலத்தின் பிற்பகுதியில் பழைய ஓ-யோரோய் பாணியை மீட்டெடுத்துப் பல கவசங்கள் செய்தார்கள். பார்க்கப் பழமை, உள்ளே புதுமை. 1860-களில் ஃபெலிசே பேயாட்டோ போன்றவர்கள் எடுத்த புகைப்படங்களில் பல, படப்பிடிப்புக் கூடத்தில் ஏற்பாடு செய்தவை. யார் எதை எதோடு சேர்த்து அணிந்தார் என்பதற்கு அவை சான்றாகா. மூன்றாவது பொறிதான் அதிகம் பேரைச் சிக்கவைப்பது. அருங்காட்சியகங்களில் கவசத்தை அது வைத்துச் சுமக்கப்படும் பெட்டியின் மேல் உட்கார்ந்த நிலையில் காட்சிப்படுத்துவது வழக்கம். அதனால் இடுப்புத் தொங்கல்கள் பெட்டியின் மேல் விரிந்து கிடக்கும், தொடைக்கவசம் முன்னால் துருத்தும், மார்புக் கவசம் வயிற்றில் இறங்கி நிற்கும். அந்த வடிவத்தை அப்படியே நிற்கும் உடலில் மாட்டினால் குள்ளமான, பீப்பாய் போன்ற உருவம் கிடைக்கும். படத்திலிருந்து ஒவ்வொரு துண்டின் அளவை மட்டும் எடுங்கள்; அது தொங்கும் விதத்தைப் புவியீர்ப்பிடம் விட்டுவிடுங்கள்.

உடல், அளவு, உடை

1600-ஐ ஒட்டிய காலத்தில் ஜப்பானிய ஆணின் சராசரி உயரம் 160 செ.மீ.க்குக் குறைவு. நம் வீரருக்கு 158 செ.மீ. வைக்கிறேன். ஓவியப் பள்ளிகளில் கற்றுத் தரும் எட்டுத் தலை உயர வீரவடிவம் இங்கே பொருந்தாது. தலை சற்றுப் பெரிதாகவும் கால்கள் சற்றுக் குட்டையாகவும் இருக்கட்டும். ஆறடி உடலில் இந்தக் கவசத்தைப் பொருத்தப் பலர் தகடுகளை நீட்டுகிறார்கள். நீட்டிய உடனே கயிறுகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் கெட்டுப்போகும்.

பிளெண்டரில் அளவைச் செ.மீ.க்கு மாற்றிவிட்டு, ஒரு ஷாக்கு 30.3 செ.மீ., ஒரு சுன் 3.03 செ.மீ. என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய நூல்களிலும் அருங்காட்சியகக் குறிப்புகளிலும் இந்த அளவுகள் வரும்.

கவசத்துக்கு முன் உடையைச் செய்யுங்கள். உள்ளாடை, கீழ்ச்சட்டை, குட்டையான கால்சட்டை, முழங்காலுக்குக் கீழே சுற்றிய துணி, தாபி என்னும் பெருவிரல் பிரிந்த காலுறை, வைக்கோல் செருப்பு. கவசம் இந்தத் துணிகளின் மேல்தான் உட்கார்கிறது. வெற்றுடலின் மேல் பொருத்திவிட்டுப் பிறகு துணியை இடுக்கில் திணிக்க முடியாது. அணியும் வரிசையிலேயே வேலையையும் வரிசைப்படுத்துவது நல்லது: காலிலிருந்து மேலே. கணைக்கால் கவசம், தொடைக்கவசம், கைக்கவசம், உடற்கவசம், இடுப்புக் கச்சை, தோள்தகடு, வாள், முகமூடி, கடைசியாகத் தலைக்கவசம். இந்த வரிசையில் ஒவ்வொன்றையும் ஒரு கலெக்‌ஷனாக வையுங்கள். மேலே இருப்பது கீழே இருப்பதை அழுத்தும்; துணியின் மடிப்புகளும் அதற்கேற்ப அமையும்.

டோ: உடற்கவசம்

நம் வீரருக்கு இரண்டு பகுதிகளாலான ஒக்கேகாவா டோ. கிடைமட்டமான இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அறைந்து சேர்த்த முன்பாதி, அதேபோன்ற பின்பாதி. இடது அக்குளுக்குக் கீழே கீல். வலப்பக்கம் திறந்து கயிற்றால் கட்டப்படும். கீலையும் திறப்பையும் இடம் மாற்றிவிடாதீர்கள். உருவத்தை அப்படியே கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டும் வசதியை இங்கே அணைத்துவிடுவது பாதுகாப்பு.

உடலைச் சுற்றி ஒரு நீள்வட்ட வளைகோட்டை வரைந்து அதிலிருந்து தகடுகளை எழுப்புங்கள். டோ உடலில் தோல்போல ஒட்டாது. உடைக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி வேண்டும். அதன் கீழ்விளிம்பு இடுப்பெலும்புக்கு மேலேயே முடிந்துவிடும். இது நீங்கள் நினைப்பதைவிட மேலே. இல்லையென்றால் வீரர் குனியவோ சேணத்தில் அமரவோ முடியாது. டோவைக் கட்டியபின் அதன் கீழ்ப்பகுதியில் துணிக்கச்சையை இறுக்கிச் சுற்றுவார்கள். அப்போது எடையின் ஒரு பங்கு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். தோசெய் குசோக்கு முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 15 முதல் 25 கிலோ வரை இருக்கும் என்பதை மனத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கச்சை ஏன் அலங்காரமில்லை என்பது புரியும். மாடலில் கச்சை இறுகிய இடத்தில் கயிறுகள் சற்று நசுங்க வேண்டும்.

முதுகுத் தகட்டிலிருந்து இரண்டு தோள்பட்டைகள் மேலேறி முன்னால் வளைந்து வரும். அவற்றின் நுனியும் மார்புத் தகட்டின் மேல்விளிம்பும் கயிற்று வளையமும் சிறு மரக்கட்டை அல்லது கொம்புப் பொத்தானும் கொண்டு பிணைக்கப்படும். உடற்கவசத்தின் முன்பாதி முழுவதையும் தாங்கும் அந்தப் பொத்தானைத்தான் பெரும்பாலான மாடல்களில் காணோம். ஒரு சென்டிமீட்டர் தடிமன்கூட இல்லாத அந்தத் துண்டுக்கு அரை நாள் செலவிடுங்கள்.

தகட்டின் தடிமன் ஒன்று, இரண்டு மி.மீ. அளவில் இருந்தாலும் மெருகு பல பூச்சுகள் ஏறியதால் விளிம்பு கத்திபோல் இராது. எல்லா விளிம்புக்கும் சிறிய பெவல் கொடுங்கள். முதுகில் மேலே கொடிக்கம்பைப் பிடிக்கும் கீல்வளையம், இடுப்பருகே அதன் அடிக்குழி. நம் வீரர் களத்தில் முதுகுக்கொடி சுமக்கிறவர் என்றால் இரண்டும் வேண்டும். கொடியைச் செய்யாவிட்டாலும் வளையத்தைச் செய்யுங்கள்.

கயிறு

இனி இந்த அத்தியாயத்தின் உயிர்ப்பகுதி. டோவின் கீழ்விளிம்பிலிருந்து இடுப்புத் தொங்கல்கள் இறங்குகின்றன. இவற்றைக் குசாசூரி என்பார்கள். தோசெய் குசோக்குவில் பெரும்பாலும் ஏழு தொங்கல்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து தகட்டு வரிசைகள். எண்ணிக்கை கவசத்துக்குக் கவசம் மாறும். நீங்கள் தேர்ந்தெடுத்த கவசத்தின் படத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். டோவுக்கும் முதல் வரிசைக்கும் நடுவே வெறும் கயிறு மட்டுமே தெரியும் இடைவெளி ஒன்று இருக்கும். கச்சையும் வாளும் போக வேண்டிய இடம் அது. குதிரையில் ஏறும்போது தொங்கல்கள் தொடையின்மேல் சரிந்து விரிவதும் அந்த இடைவெளியால்தான். அதை மூடிவிட்டால் மாடல் உயிரிழந்துவிடும்.

கயிறு கோக்கும் முறைகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது. பழைய முறையான கெபிக்கி-ஒடோஷியில் கயிறுகள் தோளோடு தோள் நெருங்கி நின்று தகட்டை முழுதாக மறைக்கும். பார்ப்பவர் கண்ணில் படுவது பட்டின் நிறமே. சுகாக்கே-ஒடோஷியில் கயிறுகள் இரண்டிரண்டாக, நடுவே இடம் விட்டு ஓடும். தகட்டின் மெருகு நன்றாகத் தெரியும். நெருங்கிய கயிறு மழையில் நீரைக் குடித்துக் கனக்கும், சேறும் பேனும் சேரும், செய்யவும் நாளாகும். பெரும் படைகளின் காலத்தில் சுகாக்கே பரவியதற்கு இவையே காரணம். நம் வீரருக்கும் அதுதான்.

தகட்டைச் செய்ததும் முதல் வேலை துளைகள். மேற்கயிறு வரும் துளையும் கீழ்வரிசைக்குப் போகும் துளையும் எங்கே என்று படத்தில் அளந்து, மெஷ்ஷில் சிறு புள்ளிகளாகக் குறியுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எம்ப்டியை வைத்து, அவற்றின் வழியே ஒரு கர்வை நுழைத்து வெளியே எடுங்கள். கர்வின் குறுக்குவெட்டு தட்டையாக இருக்க வேண்டும். இவை பின்னிய தட்டைக் கயிறுகள், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த அகலம் கொண்டவை. வட்டக் குறுக்குவெட்டு வைத்தால் கவசம் கப்பல் வடம் கட்டியதுபோல் ஆகிவிடும். துளைக்குள் நுழையும் இடத்தில் கயிறு குவிந்து சுருங்கும், வெளியே வந்ததும் விரியும். கர்வின் டில்ட், ரேடியஸ் இரண்டையும் கொண்டு இதைச் செய்யலாம். ஒரு தொங்கலுக்குச் சரியாக வந்தபின் அதையே ஜியோமெட்ரி நோட்ஸில் துளைப்புள்ளிகளை உள்ளீடாகக் கொடுத்து மற்றவற்றுக்குப் பரப்புங்கள். பிறகு ஒவ்வொரு கயிற்றுக்கும் சிறு மாறுபாடு கொடுங்கள்: கையால் இழுத்துக் கட்டியவை, எல்லாம் ஒரே இறுக்கத்தில் இரா.

எந்த வரிசை எதன் மேல் ஏறுகிறது என்பதைப் பக்கவாட்டுப் படத்தைப் பார்க்காமல் தீர்மானிக்காதீர்கள். கயிறு எந்தத் தகட்டின் பின்னால் மறைகிறது என்பது அதைப் பொறுத்தது. கடைசி வரிசையில் குறுக்கு மறுக்காகப் பெருக்கல் குறிபோல் தைத்த கயிறு பெரும்பாலும் வரும். கீழே கட்ட வேண்டிய தகடு வேறு இல்லாததால் அந்தத் துளைகளில் இப்படி முடிக்கிறார்கள். அதை டெக்ஸ்சரில் வரைந்துவிடலாம் என்று தோன்றும். குறைந்தபட்சம் மேடாகத் தெரியும்படி ஜியோமெட்ரியில் வையுங்கள், ஏனென்றால் ஒளி முதலில் படுவது அந்த விளிம்பில்தான்.

விளையாட்டுக்காகச் செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. டெக்ஸ்சர் அடர்த்தி செ.மீ.க்கு 20 பிக்சல் என்றால், 7 மி.மீ. அகலக் கயிற்றுக்குக் கிடைப்பது 14 பிக்சல். அதில் பின்னலின் மீன்முள் வடிவம் தெளிவாக வராது. ஆகவே கயிறுகளுக்குத் தனியாக ஒரு டிரிம் ஷீட் செய்து, ஒரே பின்னல் துண்டை எல்லாக் கயிறுகளும் நீளவாக்கில் பகிர்ந்துகொள்ளும்படி யூவியை அடுக்குங்கள். தகடுகள் தனி டெக்ஸ்சரில் இருக்கட்டும்.

ஓ-யோரோய் செய்கிறவர்களுக்கு இது இன்னும் பெரிய வேலை. அதன் ஒவ்வொரு வரிசையும் கோசானே என்னும் சிறு செதில்களால் ஆனது. ஒவ்வொரு செதிலிலும் பெரும்பாலும் 13 அல்லது 14 துளைகள். ஒவ்வொன்றும் பக்கத்துச் செதிலைப் பாதியளவு மூடுவதால் எங்கும் இரட்டைத் தடிமன். ஒரு கவசத்தில் ஆயிரக்கணக்கான செதில்கள். இவற்றை ஸ்கல்ப்ட் செய்ய நினைக்காதீர்கள். ஒரு செதிலைச் செய்து இன்ஸ்டன்ஸ் ஆக்கி வளைகோட்டின்மேல் ஓடவிடுங்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஒரே தகட்டின் மேல்விளிம்பைப் பல்பல்லாக வெட்டி, மெருகால் மேடு கட்டி, செதில்போல் காட்டிய வகையும் உண்டு. அதற்கு ஒரே மெஷ் போதும். அங்கே தனித்தனிச் செதில்களை அடுக்குவதுதான் தவறு.

தலையும் முகமும்

பல ரிட்ஜுகள் கொண்ட கிண்ண வடிவத் தலைக்கவசம் பார்க்க அழகு, ஆனால் நம் வீரருக்கு எளிய ஸுனாரி வகை போதும். நெற்றியிலிருந்து பின்தலை வரை ஓடும் ஒரு நடுத்தகடு, இருபுறமும் பக்கத் தகடுகள், நெற்றிக்கு மேல் சிறு முகப்பு. ஒரு மணி நேரத்தில் அடிப்படை வடிவம் முடியும். பின்கழுத்தைக் காக்கும் ஷிக்கோரோவில்தான் நேரம் போகும். வளைந்த வரிசைகள், பெரும்பாலும் ஐந்து, தோளின் வளைவை ஒட்டி விரிந்து இறங்கும். அதன் முன்விளிம்புகள் இருபுறமும் சற்று வெளியே மடிந்து நிற்கும்.

நெற்றியில் இயி படையின் பொற்கொம்புகள். ஹிக்கோனே மரபில் தலைவருக்குக் கொம்புகள் தலைக்கவசத்தின் இரு பக்கங்களிலிருந்தும் எழும். கீழ்நிலையினருக்கு முன்சின்னமாக நெற்றியில் அமையும். நம் வீரர் நடுத்தர நிலையினர், ஆகவே நெற்றியில். சின்னங்கள் எடைகுறைந்த பொருளில் செய்து பொன்தாள் ஒட்டியவை. அதே காலத்துப் பிரபு டாட்டே மாசாமுனேயின் புகழ்பெற்ற பிறைச் சின்னத்தில் அணிபவரின் வலப்புற நுனி குட்டையாக இருப்பதைக் கவனியுங்கள். வாளை ஓங்கும்போது இடிக்காமலிருக்க அப்படிச் செய்தார்கள் என்பது விளக்கம். ஒரு சின்னம் சமச்சீராக இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

முகமூடியின் தாடைக்குக் கீழே வியர்வை வடியும் துளையும், கன்னத்தருகே கயிறு நழுவாமல் பிடிக்கும் முளைகளும் உண்டு. தலைக்கவசக் கயிறு அந்த முளைகளைச் சுற்றித் தாடைக்குக் கீழே முடியப்படும். முகமூடியை உருமாற்றி அலங்கரிப்பதைவிட இந்தக் கயிற்றுப் பாதையைச் சரியாகக் காட்டினால் முகம் தானாகவே நம்பும்படி ஆகிவிடும்.

கைகளும் கால்களும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இவை துணியின்மேல் தைத்த இரும்புப் பட்டைகளும் சங்கிலிப் பின்னலும். ஜப்பானியச் சங்கிலியில் தகட்டோடு படுத்திருக்கும் வட்ட வளையங்களைக் குறுக்கே நிற்கும் நீள்வட்ட வளையங்கள் இணைக்கும். ஐரோப்பியச் சங்கிலிக்கவசத்தின் டெக்ஸ்சரை எடுத்து ஒட்டினால் தெரிந்தவர்கள் கண்ணுக்கு உடனே படும். கணைக்கால் கவசத்தின் உட்புறத்தில் குதிரை அங்கவடியில் உரசும் பக்கம் தோல் வையுங்கள். அங்கே பட்டைகள் வராது.

மெருகும் நிறமும்

ரெண்டரில் பலர் சறுக்கும் இடம் இது. இரும்புக் கவசம் என்றதும் மெட்டாலிக் மதிப்பை ஒன்றுக்கு ஏற்றிவிடுகிறார்கள். கண் பார்ப்பது இரும்பை அல்ல, அதன்மேல் பல பூச்சுகளாக ஏறிய உருஷி மெருகை. அது உருஷி மரத்தின் பாலிலிருந்து வருவது, உலோகமல்லாதது. ஆகவே மெட்டாலிக் சுழியம், ஐ.ஓ.ஆர். ஏறத்தாழ 1.5. கறுப்பு மெருகின் அடிநிறத்தை முழுக்கறுப்பாக வைக்காதீர்கள். பிரதிபலிப்பு தெரிவதற்குச் சற்றே இடம் கொடுங்கள். ரஃப்னஸ் குறைவு, ஆனால் எங்கும் ஒரேபோல் இல்லை: கை படும் இடங்களில் மென்மையும் தொங்கல் உரசும் இடங்களில் மங்கலும் வரும். மெருகு உதிர்ந்த இடத்தில் முதலில் அடிப்பூச்சும் பிறகு துருவும் தெரியும். துருவும் உலோகமல்லாதது. நம் வீரரின் உடலில் முழு உலோகமாக மின்ன வேண்டியவை வாளின் அலகு, பொன்தாள், சில பித்தளை, செம்புப் பொருத்துகள் அவ்வளவே.

சிவப்பு மெருகு பூசிய புதிதில் சற்றுப் பழுப்பேறித்தான் இருக்கும். ஆண்டுகள் போகப்போக உருஷி தெளிந்து நிறமி வெளியே வரும். 1600-இல் புதிதாகச் செய்த கவசமா, பல ஆண்டுகள் அணிந்ததா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அருங்காட்சியகப் படத்திலிருந்து நிறத்தை நேரே உறிஞ்சி எடுத்தால் நானூறு ஆண்டுகள் கழித்த நிறம்தான் கிடைக்கும்.

பட்டின் நிறம் இன்னும் ஏமாற்றும். டோக்கியோவின் மேற்கே உள்ள முசாஷி மிட்டாக்கே கோயிலில் சிவப்புக் கயிறு கோத்த பழைய ஓ-யோரோய் ஒன்று தேசியச் செல்வமாக இருக்கிறது. மஞ்சிட்டி இனத்து வேரால் சாயமேற்றிய அதன் பழைய கயிறுகள் இன்றும் ஆழ்ந்த சிவப்பு. எடோ காலத்தை அடுத்து வந்த மெய்ஜி காலத்தில் வேதிச்சாயமிட்டுச் சேர்த்த புதிய கயிறுகளோ வெளுத்துப்போயின. ஒரே படத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எந்தக் கயிறு எப்போது கோத்தது என்று தெரியாமல் நிறம் எடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பட்டுக்கு ஷீனும் இழையோடும் திசையில் சிறிது அனிசோட்ரோப்பியும் கொடுங்கள்.

ரிக்கும் சோதனையும்

தகடு வளையக்கூடாது. ஒவ்வொரு தகட்டின் எல்லாப் புள்ளிகளும் ஒரே போனுக்கு முழு வெயிட்டாக இருக்கட்டும். தானியங்கி வெயிட்டை இங்கே நம்பாதீர்கள். வளைவதும் தளர்வதும் கயிற்றின் வேலை. ஒவ்வொரு தொங்கலுக்கும் ஒரு போன் சங்கிலி: முதல் போன் டோவின் விளிம்பில், அடுத்தடுத்த வரிசைக்கு ஒவ்வொன்று. கயிற்று மெஷ்ஷின் மேல்முனை மேல்தகட்டின் போனுக்கும் கீழ்முனை கீழ்த்தகட்டின் போனுக்கும். வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று ஏறி மடிய இடம் கொடுங்கள், ஆனால் கயிற்றின் நீளத்தைத் தாண்டி விலகாதபடி லிமிட் டிஸ்டன்ஸ் கட்டுப்பாடு போடுங்கள்.

தோள்தகட்டை மேற்கையின் போனுக்கு நேரடியாகக் கட்டிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அது தொங்குவது டோவின் தோள்பட்டையிலிருந்து. ஆகவே மூலம் தோள்பட்டைக்கு, கை அதைத் தள்ள மட்டும் செய்யும். மாடலை ஏ-போஸில், கைகளைத் தாழ்த்தி உருவாக்குங்கள். டி-போஸில் தோள்தகடு இயல்பாக எங்கே விழும் என்பது தெரியாது.

பிறகு நான்கு நிலைகளில் நிறுத்திப் பாருங்கள். முகாம் முக்காலியில் கால் விரித்து அமர்தல்: தொங்கல்கள் தொடையின் இருபுறமும் பிரிந்து விழ வேண்டும், தொடைக்கவசம் நடுவே தெரிய வேண்டும். குதிரையில் அமர்தல். இடுப்பின் இடப்பக்கமிருந்து வாளை உருவுதல்: வலக்கை உடலைக் குறுக்கே கடக்கும்போது தோள்தகடும் மார்பின் மேல்விளிம்பும் எங்கே மோதுகின்றன என்று பாருங்கள். கடைசியாக இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஈட்டியை ஓங்குதல். தோள்தகடுகள் எழுந்து ஷிக்கோரோவை முட்டும், ஷிக்கோரோவின் வரிசைகள் சுருங்கி இடம் கொடுக்க வேண்டும். எங்காவது தகடு தகட்டுக்குள் புகுந்தால் தகட்டை வெட்டவோ சுருக்கவோ உடனே போகாதீர்கள். அதன் கயிற்றின் நீளத்தையும் அது தொடங்கும் துளையையும் மறுபடி படத்தோடு ஒப்பிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மாடல் கோப்போடு ஒரு தாள் சேருங்கள். எந்தத் துண்டுக்கு எந்த அருங்காட்சியகப் பொருள் சான்று, அது எந்தக் காலத்தது, எதைப் பார்த்துச் செய்தீர்கள், எதை ஊகித்தீர்கள் என்று துண்டு துண்டாக எழுதுங்கள். ஊகித்த துண்டுகளின் பெயருக்கு முன்னால் ஒரு குறியீடு வைத்தால், நாளை தெளிவான படம் ஒன்று கிடைக்கும்போது எதை மாற்ற வேண்டும் என்று கோப்பைத் திறந்ததுமே தெரிந்துவிடும்.